கஜக்கோல் கவிழ்த்த சட்டி

பக்கத்து வீட்டில் மதியச் சாப்பாட்டுத் தட்டு வைக்கும் ஓசை கேட்டதும் தையற்காரர் கத்திரிக்கோலைக் கீழே வைப்பார். துணி அளக்கும் கஜக்கோலுடன் கொல்லைக்கு வந்து முக்காலியில் ஏறுவார். மதிலுக்கு அப்பால் கோலை நீட்டி, அங்கிருந்த மண்சட்டியை மெல்லச் சாய்ப்பார். தண்ணீர் மண்ணில் இறங்கும். பிறகு திரும்பிவந்து விட்ட தையலைத் தொடர்வார். ஒன்பது நாளாக இதுவே அவருடைய உச்சிக்கால வழிபாடு.

அது தேனீக்களுக்கு வைத்த தண்ணீர். குடியிருப்பு மனையில் தேனீ வளர்ப்போர்க்கு நகராட்சி விதி வகுத்திருந்தது. பெட்டி மதிலிலிருந்து பத்தடி தள்ளி இருக்கவேண்டும். அதன் வாயில் அயலாரை நோக்கலாகாது. அயல்வீட்டுக் குழாயைத் தேனீ நாடாதபடி வளர்ப்பவரே எந்நேரமும் தண்ணீர் வைத்திருக்கவேண்டும். ஒன்று பிழைத்தாலும் பெட்டிகளை அகற்றிவிடுவார்கள்.

பக்கத்து வீட்டு லைன்மேன் கம்பத்திலிருந்து விழுந்து கால் முறிந்தவர். இனிக் கம்பம் ஏற இயலாது. ஆறு பெட்டிகளே அவர் குடும்பத்துக்குச் சோறு. தையற்காரர் இதை அறிவார். அறிந்ததனாலேயே அவருக்கு அது இனித்தது. இரண்டாண்டுக்கு முன், மதிலை ஒட்டியிருந்த அவருடைய தையற்கொட்டகை இந்த லைன்மேன் எழுதிய மனுவால் ஒரே காலையில் தரைமட்டமாயிற்று. அன்று தொட்டு வீட்டு நடைவழியில் மிஷினைப் போட்டுத் தைக்கிறார். தகரம் பெயர்ந்த ஓசை அவர் செவியில் இன்னும் ஓயவில்லை.

மதிலுக்கு அப்பால் லைன்மேன் தம் மனைவியிடம் புலம்புவது கேட்கும்.

“இந்தப் பூனை தெனமும் சட்டிய உருட்டுது. செங்கல் முட்டுக் கொடுத்தும் உருட்டுதே.”

“செங்கல்லத் தள்ளுற பூனையா? நல்லா சாப்பிடுற பூனைதான்.”

தையற்காரர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொள்வார். அவர் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஏங்க, வேணாம். கால் போன மனுஷன்.”

“என் கொட்டகைய இடிச்சப்ப ரெண்டு காலும் நல்லாத்தானே இருந்துச்சு? மனு எழுத ஆபீசுக்கு ஓடிச்சுல்ல?”

எண்ணியபடியே தேனீக்கள் அவர் குழாயடிக்கு வரத் தொடங்கின. முதலில் பத்து, பின்பு நூறு. தையற்காரர் நெஞ்சு குளிர்ந்து, தம் பங்குக்கு ஒரு மனு எழுதினார்.

நகராட்சி ஆய்வாளர் வரவிருந்த காலையில், முகம் கழுவக் குழாயைத் திருகினார். பிடியின் அடியில் இருந்த தேனீக்கள் வலக்கையில் மூன்று இடத்தில் கொட்டின. சற்று நேரத்தில் விரல்கள் கத்திரிக்கோலின் வளையத்துக்குள் நுழையாத அளவு வீங்கின. வெட்டவேண்டிய பள்ளிச் சீருடைத் துணி மேசையில் குவிந்து கிடந்தது. ஆயினும் அவ்வலியிலும் அவருக்கு ஓர் உவகை: இதைவிடச் சாட்சி வேண்டுமா? இடக்கையால் கோலைப் பற்றி, அன்று சற்று முன்னதாகவே சட்டியைக் கவிழ்த்தார்.

ஆய்வாளர் லைன்மேன் வீட்டில் அளந்தார். தூரம் சரி, வாயில் சரி. சட்டி மட்டும் கவிழ்ந்து கிடந்தது.

“சொட்டுத் தண்ணி இல்லையே.”

“காலையிலதான் ரொப்பினேன் சார். ஒரு பூனை வந்து...”

“பூனை மேல நான் என்னன்னு எழுதுறது?”

மதிலுக்கு இப்பாலிருந்து தையற்காரர் வீங்கிய கையை உயர்த்திக் காட்டினார். ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். லைன்மேன் ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தபடி பெட்டிகளையே பார்த்திருந்தார். அந்த முகத்தைக் காணத்தான் தையற்காரர் இரண்டாண்டு காத்திருந்தார்.

அப்போது தையற்காரரின் மனைவியே வந்து, கஜக்கோலை மதில்மேல் வைத்தாள். அதன் நுனியில் ஈரமண் ஒட்டியிருந்தது.

“சார், அந்தப் பூனையோட வால் இது.”

“நீ உள்ள போ.”

“போறேன். பத்து நாளா கண்ணால பாத்துட்டு வாய மூடிட்டு இருந்தேன். அதுக்கே சோறு எறங்கல.”

ஆய்வாளர் பேனாவை மூடினார். “பெட்டி அங்கேயே இருக்கட்டும். பொய்ப் புகாருக்கு உங்களுக்குத்தான் நோட்டீஸ் வரும். இன்னொண்ணு, தண்ணி கண்ட எடத்தத் தேனீ லேசுல விடாது. நீங்க பழக்கினது, வெயில் முடியுற வரைக்கும் உங்க குழாய்க்குத்தான் வரும்.”

அவர் சென்றதும் லைன்மேன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மதில்மேல் விரித்தார். நடைவழியில் உரிமமின்றித் தொழில் நடப்பதாக எழுதிய மனு.

“பெட்டி போயிருந்தா சாயங்காலமே இது ஆபீசுக்குப் போயிருக்கும். உங்க மிஷினும் தெருவுக்கு வந்திருக்கும்.” தாளை நான்காகக் கிழித்தார். “கொட்டகை என் ஜன்னல மறைக்குதுன்னு அன்னைக்கு ஒரு வார்த்த உங்ககிட்ட சொல்லியிருக்கணும், அண்ணே. சொல்லாம எழுதினேன். அங்கதான் ஆரம்பிச்சுது.”

இரண்டாண்டுக்குப் பின் கேட்ட ‘அண்ணே’ அது. கொட்டிய கையைவிட அதுவே தையற்காரருக்கு அதிகம் வலித்தது. மனைவி ஓர் அகலச் சட்டியை நீட்டினாள். அவர் இடக்கையாலேயே தண்ணீர் நிரப்பி, தேனீ மூழ்காமல் அமரக் கூழாங்கல் இட்டு, குழாயிலிருந்து தள்ளி வைத்தார்.

“பக்கத்துல பக்கத்துல வாழத்தான் விதி போட்டு வச்சிருக்காங்க,” என்றார், மதிலுக்கு அப்பாலும் கேட்கும்படி. “அத நாம பழி தீர்க்க எடுத்தோம்னா, எடுத்த கையத்தான் அது மொதல்ல கொட்டுது.”