கையை விட்டா நிக்கிற வண்டி

கையை விட்டா நிக்கும். அதுதான் அந்த வண்டியோட பெருமை. அதுதான் எங்களைக் கெடுத்ததும். இதை இப்ப சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு கேப்பீங்க. சொல்லாம இருந்து பாத்தாச்சு, முடியல.

என் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்த மூணாவது மாசம் அந்த ஸ்ட்ரோலர், பிள்ளையை உக்கார வச்சுத் தள்ளற வண்டி, வந்து இறங்கிச்சு. அவ நாத்தனார் நல்ல வேலையில இருக்கிறவங்க, நேர்ல வர முடியலைன்னு அனுப்பி வச்சாங்க. பெட்டியே ஃப்ரிட்ஜ் பெட்டி மாதிரி இருந்துச்சு. பிரிச்சா தோல் கைப்பிடி, சக்கரத்துக்குச் சக்கரம் ஸ்பிரிங், கீழே பெரிய கூடை, அதுக்கும் அடியில பேட்டரி. மாப்பிள்ளை, அதாவது தங்கச்சி வீட்டுக்காரர், அதைச் சுத்திச் சுத்தி வந்தார். "மச்சான், என் பைக்குக்குக்கூட இவ்வளவு நல்ல ஸ்பிரிங் கிடையாது"ன்னார். அன்னைக்கே அதுக்குத் தேர்னு பேர் வச்சாச்சு. குழந்தைக்கு ஏற்கெனவே உருண்டைன்னு பேர். உருண்டை தேர்ல ஏறினா, ஏறின அஞ்சாவது நிமிஷம் தூங்கிட்டா.

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினேழு வருஷமா இதே பொழப்பு. லிஃப்டுல கரண்ட் வந்தா பிரேக் பிடிக்கும்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டிருக்காங்க. தப்பு. பிரேக் எப்பவும் பிடிச்சபடியேதான் இருக்கும், ஸ்பிரிங் அழுத்திக்கிட்டே இருக்கும். கரண்ட் வந்தாதான் விடும். கரண்ட் போச்சுன்னா கப்புனு பிடிச்சுக்கும். அந்தத் தைரியத்துலதான் மனுஷன் ஏறி இறங்கறான். இந்தத் தேர்லயும் அதே ஏற்பாடு. கைப்பிடியில கை பட்டாதான் சக்கரம் உருளும். கையை எடுத்தா, எப்பேர்ப்பட்ட சரிவா இருந்தாலும் அப்படியே நின்னுடும். "செஞ்சவன் மூளைக்காரன்டி, கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்"னு தங்கச்சிகிட்ட சொன்னேன். சொன்னது நானேதான். வேற யாரையும் கை காட்ட முடியாது.

நம்பறதுக்குக் காரணமும் இருந்துச்சு. அவங்க குடியிருக்கிற தெரு சரிவு. மேல அவங்க கட்டடம், கீழே லாரி ஓடற மெயின் ரோடு. அந்த ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி குழந்தைகள் காப்பகம். தங்கச்சி பல் ஆஸ்பத்திரியில ரிசப்ஷன் வேலை. லீவு முடிஞ்சதும் ஏழரைக்கெல்லாம் அங்கே இருக்கணும். மாப்பிள்ளை அச்சகத்துல ராத்திரி ஷிப்ட், காலையில பிணம் மாதிரி தூங்குவார். காப்பகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். எனக்கு ஒம்பதுக்குத்தான் வேலை, நாலு கட்டடம் தள்ளித்தான் வீடு. அதனால உருண்டையைத் தினமும் அந்தச் சரிவுல இறக்கிக் கொண்டுபோய் விடற பொறுப்பு என் தலையில. பொறுப்புன்னா சொல்றேன், ஆசையாத்தான் ஏத்துக்கிட்டேன். எனக்குன்னு ஒரு குழந்தை இல்லை.

தேர்ல குறை இல்லாமலும் இல்லை. குழந்தை இல்லாமலே பதினஞ்சு கிலோ. மடிச்சா பாதியாகும்னு புத்தகத்துல போட்டிருந்தான், மடிச்ச பிறகும் கார் டிக்கி மூடல. கட்டடத்து லிஃப்டுல அது ஏறினா வேற யாரும் ஏற முடியாது. முதல் மாடிக்காரர், "உங்க தேர் வந்தா நாங்க படியில நடக்கணுமா?"ன்னு மல்லுக்கு நின்னார். ஒரு தடவை நடுத்தெருவுல பேட்டரி தீர்ந்து நாலு சக்கரமும் பூட்டிக்கிச்சு. நானும் மாப்பிள்ளையும் பிள்ளையோட சேர்த்துப் பல்லக்கு மாதிரி தூக்கிட்டு வந்தோம், இடுப்பு கழண்டு போச்சு. கையுறை போட்டுக்கிட்டா கை இருக்கிறதே அதுக்குத் தெரியாது, நகர மாட்டேன்னு நிக்கும். ஆனா இதெல்லாம் கண்ணுக்குத் தெரியற குறை. கண்ணுக்குத் தெரிஞ்சா திட்டிட்டு விட்டுடலாம்.

தெரியாதது வேற. நாங்க மூணு பேரும் கையை விடப் பழகிட்டோம். சரிவு நடுவுல தங்கச்சி ரெண்டு கையையும் எடுத்துத் தலைமுடியை முடிஞ்சுக்குவா. மாப்பிள்ளை அப்படியே விட்டுட்டுச் செருப்பு வாரை மாட்டுவார். நான் போன் பேசுவேன். தேர் நிக்கும். உருண்டை தூங்குவா. யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம்.

ஒரு நாள் மூணு பேரும் பெரிய கடைக்குப் போயிட்டு வெளியே வந்தோம். வண்டி நிறுத்தற இடம் லேசான சாய்வு. மாப்பிள்ளை சாமான் வச்ச டிராலியை நடுவுல விட்டுட்டு, ஹாயா சாவியைத் தேடினார். அது கடகடன்னு போய் யாரோ ஒருத்தர் கார்ல மோதிச்சு. மூட்டை முடிச்செல்லாம் சிதறிச்சு. தங்கச்சி வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. "இது தேர் இல்லைங்க, தகர டப்பா! கையை விட்டா ஓடும்!" மாப்பிள்ளையும் சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல.

"இனிமே தேரா இருந்தாலும் கையை விடக் கூடாது"ன்னு அன்னைக்கே கத்தினேன்.

"டேய் அண்ணா, நீதானேடா கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்னே?"ன்னா தங்கச்சி. அவ என்னை அப்படித்தான் கூப்பிடுவா. நாலு வயசு இளையவ, அதிகாரம் மட்டும் பத்து வயசு மூத்தவ மாதிரி.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும்போது காப்பகத்து மேடம் தேரைப் பாத்துட்டுக் கையை விரிச்சுட்டாங்க. "இவ்வளவு பெரிசை எங்கே வைக்கிறது? மடிச்சுச் சுவத்துல சாய்க்கிற மாதிரி கொண்டு வாங்க." தங்கச்சி மறுநாளே சின்னதா ஒண்ணு வாங்கிட்டா. குடை மாதிரி மடியும், ஒத்தைக் கையில தூக்கலாம், லிஃப்டுல நாலு பேர் கூட நிக்கலாம். முதல் மாடிக்காரர் கும்பிடாத குறை. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா அதுக்குக் கால்ல மிதிக்கிற பிரேக் மட்டும்தான். மிதிச்சா நிக்கும், மிதிக்கலேன்னா போயிட்டே இருக்கும்.

எனக்கு ரெண்டு ராத்திரி தூக்கம் வரல. மூணாம் நாள் ஒரு கெட்டி வார் எடுத்துக் கைப்பிடியில தச்சேன், மறுமுனையை மணிக்கட்டுல மாட்டிக்கிற மாதிரி. ரெண்டு பேரையும் உக்கார வச்சு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். "வாரை மாட்டாம வாசலைத் தாண்டக் கூடாது. நம்ம கை கெட்டுப்போச்சு. அதுக்கு விட்டுத்தான் பழக்கம்." மாப்பிள்ளை கொட்டாவி விட்டார். தங்கச்சி, "சரிங்க வாத்தியாரே"ன்னு பழிப்புக் காட்டினா.

சனிக்கிழமை ஒரு ஒத்திகை வச்சோம். திங்கக்கிழமையிலேருந்து நான் தனியாப் போகணுமே, வழி, நேரம் எல்லாம் ஒரு தடவை பாத்துக்கலாம்னு தங்கச்சியும் கூட வந்தா. வண்டியை நான்தான் தள்ளினேன். வாரை மாட்டல. மறக்கல, கேட்டுக்குங்க. மாட்டத் தோணல. அது அவங்களுக்குத்தானே, எனக்கு எதுக்கு? பிரேக்கு விஷயத்துல எனக்குத் தெரியாததா?

நல்ல வெயில். வண்டியோட மூடியை இழுத்து விட்டிருந்தோம், பின்னாலேருந்து பாத்தா உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. பாதிச் சரிவுல போன் அடிச்சுது. ஆபீஸ். ஒரு கட்டடத்துல மூணு பேர் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்களாம், மேல லிஃப்ட் மோட்டார் இருக்கிற ரூம் சாவி யார்கிட்டேன்னு கேக்கறான். வண்டியை நிறுத்தி, ஒத்தைக் கையால பிடிச்சுக்கிட்டு, பக்கவாட்டுல திரும்பி நின்னு பேசினேன். அந்தக் கட்டடத்துல இருக்கிறவரைக் கூப்பிடச் சொல்லி ஒரு போன் நம்பர் சொன்னான். போனைத் தோள்ல இடுக்கி, பாக்கெட்டுலேருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையில எழுதினேன்.

ரெண்டு கையும் அதுல இருந்துச்சு. கடைசி எண்ணை எழுதிட்டுத் திரும்பினா, வண்டி பக்கத்துல இல்லை.

முப்பதடி தூரத்துல போய்க்கிட்டிருந்துச்சு. அவசரமே இல்லாம, மூடி லேசா ஆட, நேரா கீழே. கத்தணும்னு வாயைத் திறந்தேன், சத்தம் வரல. ஓடணும்னு நினைச்சேன், கால் தரையில ஒட்டிக்கிச்சு. போன்ல அவன், "அண்ணே, எழுதிட்டீங்களா? அண்ணே?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். வண்டி காப்பகத்தைத் தாண்டிச்சு, நடைபாதையிலேருந்து இறங்கிச்சு, மெயின் ரோட்டுல தண்ணி லாரி அதும்மேல ஏறி இறங்கிச்சு. தகரம் நசுங்கற சத்தம் என் பல்லுல கேட்டுச்சு.

"அடப்பாவி! புது வண்டிடா!"

எனக்குப் பின்னாடி தங்கச்சி நிக்கறா. இடுப்புல உருண்டை. வாயெல்லாம் எச்சில் ஒழுகுதுன்னு, நான் போன்ல இருந்தப்போ முன்பக்கமாக் குனிஞ்சு தூக்கியிருக்கா. துணியால துடைச்சுக்கிட்டிருந்திருக்கா. உருண்டை என்னைப் பாத்துச் சிரிச்சா. எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு, ஆனா முழுசா வரல.

லாரிக்காரர் முகமெல்லாம் வெளிறிப்போய் இறங்கி ஓடி வந்தார். குழந்தையைப் பாத்ததும் ரோட்டோரத்துலயே உக்காந்து அழுதார். அவருக்குத் தங்கச்சிதான் தண்ணி கொடுத்தா. அப்புறம் திரும்பி வந்து என்னைக் கிழிகிழின்னு கிழிச்சா. ஊருக்கு வகுப்பெடுத்துட்டு நீயே வார் மாட்டலையான்னு கேட்டா. திட்டி முடிச்சதும் உருண்டையை மறு இடுப்புக்கு மாத்திக்கிட்டா.

"டேய். நான் பிள்ளையைத் தூக்கினதைப் பாத்துட்டுத்தானே கையை விட்டே?"

நான் அவ முகத்தைப் பாத்தேன்.

"பாத்தேன்"னேன்.

"அதானே! நீ அசையவே இல்லை. உள்ளே இவ இருந்திருந்தா நீ அங்கேயே செத்திருப்பே." சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே என் தோள்ல ஒரு அடி போட்டா.

ஞாயித்துக்கிழமை பூரா அவ இதையே கதையாச் சொன்னா. மாப்பிள்ளை அவங்க அக்காவுக்குப் போன் போட்டு, "மச்சான் கல்லு மாதிரி நின்னாராம், நானா இருந்தா அலறியிருப்பேன்"னு பெருமை அடிச்சார். அதே மாதிரி இன்னொரு வண்டியும் அன்னைக்கே வாங்கியாச்சு, அதுலயும் நான் ஒரு வார் தச்சேன். நான் சாப்பிடல. சோத்துல கை வச்சா, உள்ளங்கையில இருந்த நம்பர் இன்னும் பாதி அழியாம இருந்துச்சு. சோப்புப் போட்டுத் தேய்ச்சேன். எனக்கு என்னைப் பாக்கவே கூசிச்சு. சொல்லிடலாம்னு நாலு தடவை எழுந்தேன், நாலு தடவையும் உக்காந்தேன். சொன்னா பிள்ளையைத் தர மாட்டா. சொல்லலேன்னா தருவா. ரெண்டுல எதுக்குப் பயந்தேன்னு எனக்கே தெரியல.

திங்கக்கிழமை காலை ஏழு மணி. தங்கச்சி ஆஸ்பத்திரி யூனிஃபார்ம்ல, ஈரத் தலையோட, பரபரன்னு இருந்தா. உள்ளே மாப்பிள்ளை குறட்டை. உருண்டையை வண்டியில உக்கார வச்சுப் பெல்ட்டைப் போட்டா, தொப்பி மாட்டினா, கன்னத்துல முத்தம் கொடுத்தா. "பால் பாட்டில் சைடுல. மாத்துத் துணி அடியில. வழியில எவன்கிட்டயும் வாயடிச்சுக்கிட்டு நிக்காதே. உன்னை நம்பித்தான்டா நான் போறேன், வேற யாருக்கும் இவளைக் கொடுத்திருக்க மாட்டேன்." கைப்பிடியை என் பக்கமாத் திருப்பி வச்சா.

நான் பிடிச்சேன். வாரை எடுத்து மணிக்கட்டுல மாட்டினேன். ரெண்டு சுத்துச் சுத்தினேன். இறுக்கினேன்.

"நான் பாக்கல"ன்னேன்.

"எதை?"

"சனிக்கிழமை. நீ தூக்கினதை நான் பாக்கல."

அவ சிரிச்சா. "காலங்காத்தால விளையாடாதே, எனக்கு நேரமாச்சு."

"இவ உள்ளே இருக்கான்னு நினைச்சுக்கிட்டுத்தான் கையை எடுத்தேன். இல்லை, நினைக்கவே இல்லை. நம்பர் எழுதினேன், அவ்வளவுதான்."

"ஆனா நீ அசையாம நின்னியே."

"கால் வரல. லாரி ஏறினப்போ, இவ மேலதான் ஏறுதுன்னு நினைச்சேன்."

சிரிப்பு அவ முகத்துலயே கொஞ்ச நேரம் இருந்துச்சு, எங்கே போறதுன்னு தெரியாம. அப்புறம் குனிஞ்சு பெல்ட்டைக் கழட்டினா. ஒரு கொக்கி சிக்கிச்சு. உதவ நான் கையை நீட்டினேன், அவ சட்டுன்னு வண்டியை இழுத்தா. வார் என் மணிக்கட்டுல இருந்ததால நானும் ஒரு அடி கூடவே போனேன். அவ அதைப் பாத்தா, வாரை அவிழ்த்துவிட்டா. உருண்டையைத் தூக்கித் தோள்ல சாய்ச்சுக்கிட்டா. திட்டுவான்னு காத்துக்கிட்டு நின்னேன். செருப்பால அடிச்சிருந்தாக்கூட நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பேன்.

போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினா. இன்னைக்கு வர முடியாது, இனிமே வர முடியுமான்னு யோசிச்சுச் சொல்றேன்னு, ரொம்ப நிதானமாச் சொன்னா. வச்சுட்டுக் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னா.

"கிளம்புங்கண்ணா"ன்னா. "உங்களுக்கு வேலைக்கு நேரமாச்சு."

பேசக் கத்துக்கிட்ட நாள்லேருந்து என் தங்கச்சி என்னை நீங்க, வாங்கன்னு சொன்னதே கிடையாது. நான் செருப்பை மாட்டிக்கிட்டுப் படியில இறங்கினேன்.