சோதனை ஊசி

இயந்திரத்தின் வாய்க்குள் பாதி உடம்பை நுழைத்து ஈரப் போர்வைகளை இழுத்துக்கொண்டிருந்தாள் ஆஸ்பத்திரிச் சலவைக்காரி. ஒவ்வொரு இழுப்புக்கும் இடுப்புக்குக் கீழே, வலப்பக்கம், ஆணி இறங்கியது. உட்கார்ந்து துணி மடிக்கும் மேசைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அன்று மாற்றலுக்குப் பதில் மரியாதை வந்தது. திரையில் எலும்பைப் பார்த்தபடியே மூட்டுக்குள் ஊசி போடும் புது இயந்திரம் வாங்கியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு ஒரு முதுகு தேவைப்பட்டது.

"நம்ம வீட்டுப் பொண்ணுக்குத்தான் முதல் ஊசி!" என்று விருந்தினர்களிடம் அறிவித்தார் நிர்வாகி. மேசை கேட்டபோது அவள் யார் வீட்டுப் பெண் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

குப்புறப் படுத்தாள். திரையில் சாம்பல் நிற எலும்புகளுக்கு நடுவே ஊசி கறுப்புக் கோடாக நகர்ந்தது. விருந்தினர்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள்.

டாக்டர் அவள் காதருகே குனிந்தார். "இது வைத்தியமில்லம்மா, சோதனை. கொஞ்ச நேரம் மரத்துப்போகும். வலி நின்னா இந்த மூட்டுதான் காரணம்னு தெரிஞ்சிடும். அப்புறம்தான் நிஜ வைத்தியம். அதுவரைக்கும் பாரம் தூக்காதீங்க."

எழுந்தாள். மெல்லக் குனிந்து பார்த்தாள். "ஐயோ, வலிக்கவே இல்ல சார்!" இத்தனை பேர் முன்னால் சிரித்துவிட்டாள்.

"பாத்தீங்களா!" என்று நிர்வாகி கைதட்டினார். டாக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவர் கையில் பூங்கொத்தைத் திணித்துப் படமெடுத்தார்கள்.

அவள் நிர்வாகியின் பின்னாலேயே ஓடினாள். "சார், இன்னொரு வைத்தியம் இருக்காமே... அப்புறம் அந்த மடிக்கிற மேசை..."

"வலிக்கலன்னு நீதானம்மா சொன்ன? குணமானவளுக்கு எதுக்கு வைத்தியம், எதுக்கு நாற்காலி? அங்க என் மச்சினியப் போட்டாச்சு. பாவம், நின்னா அவளுக்குக் கால் கடுக்குது."

சலவைக் கூடத்தில் கூட்டாளிப் பெண் கண்ணடித்தாள். "என்னக்கா, புது இடுப்பா? பழச தூக்கிப் போட்டுடாதீங்க, என்னோடது அதவிட மோசம்."

சாயங்காலம் விருந்தினர்களுக்குச் சலவைக் கூடத்தையும் சுற்றிக் காட்டினார் நிர்வாகி. ஈரத் துணிப் பொதியைத் தூக்கக் குனிந்த அந்த நேரம் பார்த்து அவளுக்கு மரப்பு முழுதாக விட்டது. பொதி கையிலிருந்து நழுவியது. மூச்சு நின்றது. வளைந்த உடம்பு வளைந்தபடியே பூட்டிக்கொண்டது.

"போதும்மா, போதும்," என்றார் நிர்வாகி, குரல் தழுதழுக்க. "நன்றியெல்லாம் எதுக்கு? இது எங்க கடமை."

பளபளக்கும் காலணிகள் அவள் கண்ணெதிரே அரைவட்டமாக வந்து நின்றன. மேலே எங்கோ கைதட்டல் கேட்டது.