டக்ளஸின் உச்சரிப்பு

என் கணவர் டக்ளஸ் பிறந்தது ஜேர்மனியில், ஹம் நகரத்து ஆஸ்பத்திரியில். ஜமேக்கா எங்கே என்று வரைபடத்தில் காட்டச் சொன்னால் தடுமாறுவார். ஆனால் வாயைத் திறந்தால் அந்த ஊர்த் தெருப்பேச்சுத்தான். தமிழ்க் கடைக்காரருக்கும் 'வாக்வான்', பூசை முடித்து வரும் பாதருக்கும் 'வாக்வான்'. என்ன புதினம் என்று அர்த்தமாம். அதையே நேராகக் கேட்டால் மனுசன் குறைந்தா போவார்?

எல்லாம் டான்ஸ்ஹோல் என்கிற ஜமேக்கா ஆட்டப் பாட்டுகளில் பொறுக்கியது. அதேமாதிரிப் பாட்டுப் பாட டொட்முண்ட் நகரில் முதல் மேடை கிடைத்ததும் பயம் பிடித்துவிட்டது. அசல் ஜமேக்காக்காரர் ஒருவர் உச்சரிப்பு சரி என்று சொன்னால்தான் மேடையேறுவாராம். என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் மார்வா கிங்ஸ்டனில் பிறந்தவர். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன்.

தங்கள் ஊரிலும் ஆட்டுக்கறி உண்டென்று மார்வா ரசித்துச் சாப்பிட்டார். டக்ளஸுக்குச் சாப்பாடு முடியும்வரை பொறுமை இல்லை, பாதியில் எழுந்து தன் பாட்டைத் தொடங்கினார். பாட்டில் அவர் ஒரு 'ஷொட்டா', அதாவது துவக்குக்காரன். எதிரியை வாசலுக்கு அழைத்து 'டப்பி' ஆக்குவாராம். டப்பி என்றால் பேய். வீட்டில் சிலந்தியைக் கண்டால் என்னைக் கூப்பிடுகிற மனுசன். அவருடைய அப்பா, ஸ்ரனிஸ்லாஸ் மாமா, ஒரு சொல்லும் விளங்காமல் மேசையில் தாளம் போட்டார்.

மார்வா தட்டைத் தள்ளி வைத்தார். விருந்தாளி சாப்பிடாமல் விட, மாமி பிளோறன்ஸுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று: உறைப்பு. ஓடிப்போய்த் தயிரை எடுத்துவந்து தட்டில் ஊற்றினார். மார்வா தொடவில்லை.

உச்சரிப்பு எப்படி என்று டக்ளஸ் ஜேர்மனில் கேட்டார்.

ஒரு பிழையும் இல்லை என்றார் மார்வா. தன் தம்பியைச் சுட வந்தவர்களும் வாசலில் நின்று இதே சொற்களைத்தான் சொன்னார்களாம். "அவ்வளவு சரியாக இருந்தது. அதனால்தான் சாப்பிட முடியவில்லை."

மாமாவுக்கு ஜேர்மன் நன்றாக விளங்கும். தாளம் நின்றது. அவருடைய அண்ணனையும் மன்னாரில் வாசலுக்குத்தான் கூப்பிட்டார்கள். நல்ல தமிழில், மரியாதையாகத்தான் கூப்பிட்டார்களாம்.

"பாடினது காணும், நிப்பாட்டு. அந்தப் பிள்ளையிட்ட மன்னிப்புக் கேள்," என்றார் மாமா.

எனக்கே என் மனுசனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. டக்ளஸ் மார்வாவின் பக்கம் திரும்பி, அவருடைய மொழியிலேயே கேட்க வாயைத் திறந்தார். சுடுவதற்கும் வெட்டுவதற்கும் அத்தனை சொல் தெரிந்த மனுசன், மன்னிப்புக்கு ஒன்று தேடித் தேடி நின்றார். அவர் பாடம் பண்ணிய பாட்டு எதிலும் அது இருக்கவில்லை.