ஏழாம் இலக்கத்தில் குடிபூரல்

கிரேனில் தொங்கியபடி அந்த மரவீடு வந்த காலை, நான் புல்லுக் கூட்டுகிற தும்புத்தடியோடு ஏழாம் இலக்க இடத்தின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தேன். கிரேன்காரன் மேலே இருந்து கையை ஆட்டி விலகச் சொன்னான். விலகினேன்தான், ஆனால் ஆறுதலாக, ஒவ்வொரு புல்லையும் பார்த்துப் பார்த்து விலகினேன். ஏரிக்கரையில் இருக்கிற பன்னிரண்டு இடங்களிலும் ஏழுதான் திறமானது. காலையில் கதவைத் திறந்தால் தண்ணீர், அதற்குப் பின்னால் மலை, நடுவில் மறைக்கிற ஒரு மரம்கூட இல்லை. அந்த இடத்தில் ஒரு பெட்டியை இறக்கி, அதற்கு நாலு கால் வைத்து, முன்னால் ஒரு படியும் பூட்டிவிட்டுப் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

நானும் இவரும் பதினாலு வருடங்களாக இந்தக் கேம்பிங்கின் பொறுப்பாளர்கள். என் பெயர் சிவமலர், இவர் என் புருசன் யோகராஜா. காருக்குப் பின்னால் கரவன், அதுதான் சக்கரம் பூட்டின வீடு, கொழுவிக்கொண்டு வருகிறவர்களுக்கான இடம் இது. வருவார்கள், இரண்டு மூன்று நாள் நிற்பார்கள், அடுத்த ஏரிக்குப் போவார்கள். கரவனைப் பின்னுக்கு எடுக்கிற விதத்திலேயே அன்றைக்குப் புருசனும் பெண்சாதியும் கதைக்கிற நிலைமையில் இருக்கிறார்களா இல்லையா என்று எனக்குத் தெரிந்துவிடும். கதைக்காதவர்களுக்கு நிழல் இடமாகப் பார்த்துக் கொடுப்பேன்.

மரவீடு வரப்போவதாக, கேம்பிங்கை நடத்துகிற சங்கத்தின் தலைவி ஃப்ராவ் ஏபி ஒரு கடிதம் எழுதியிருந்தார். கடிதத்தில் இருந்த சொல்லை நான் இரண்டு தரம் வாசித்துவிட்டு இவரிடம் கேட்டேன்.

"கிளம்பிறதோ? ஆர் கிளம்பிறது?"

"கிளாம்பிங், அப்பா. சொகுசுக் கேம்பிங். வாற ஆக்களுக்குக் கூடாரமும் வேண்டாம், கரவனும் வேண்டாம். வீடு இஞ்சயே நிரந்தரமா நிக்கும், கட்டில் மெத்தையோட."

"அசையாமல் ஒரே இடத்தில நிக்கிற சாமானுக்கு ஆரப்பா கிளம்பிங் எண்டு பேர் வச்சது?"

இவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் விசயம் இதுதான்: இப்போது வந்திருப்பது பரீட்சைக்கு ஒன்று. சனிக்கிழமை பொதுக்கூட்டத்தில் அங்கத்தவர்கள் கை உயர்த்தி ஓம் என்றால் இன்னும் ஐந்து வரும். ஆறு மரவீடுகள் வந்தால் கரையில் இருக்கிற பன்னிரண்டு இடத்தில் பாதி போய்விடும். பின்னேரம் ஆறு மணிக்குக் களைத்து விழுந்து வருகிற கரவன்காரருக்கு நான் வாசலில் நின்று இடமில்லை என்று சொல்ல வேண்டும்.

அது என்னால் முடியாது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், இருபத்துமூன்று வயதில், ஒரு பனிக்கால மாலை அகதி முகாமொன்றின் வாசலில் இரண்டு பையோடு நின்றேன். உள்ளே இருந்து வந்தவர் இடமில்லை என்றார். நல்ல மனிதர்தான். அடுத்த ஊருக்கு ரயில் டிக்கெட் தந்தார், ஒரு ஆப்பிளும் தந்தார். ஆனாலும் அந்தச் சொல் எனக்குள்ளே குந்திக்கொண்டுவிட்டது. எங்கள் அலுவலகத்தில் 'நிரம்பிவிட்டது' என்று எழுதிய பலகை ஒன்று இருக்கிறது. பதினாலு வருடத்தில் அதை ஒருநாளும் வெளியே கொழுவியதில்லை. சோற்றுப் பானை சூட்டோடு இறக்கி வைக்கத்தான் உதவியிருக்கிறது. இடமில்லாத நாளிலும் இரண்டு கரவனுக்கு நடுவில் மூன்றாவதைச் செருகிவிடுவேன்.

இவருடைய கட்சி வேறு. டாவோஸ் ஹோட்டல் ஒன்றின் குசினியில் பதினொரு வருடம் கோப்பை கழுவியவர். "எங்கட சனத்தில ஆரிட்டை கரவன் இருக்கு?" என்பார். "கரவன் இல்லாதவனும் ஒருநாள் ஏரிக்கரையில படுக்கட்டுமன்."

"எங்கட சனம் வந்தா எங்கட வீட்டில படுக்கட்டும்."

"எங்கட வீட்டிலயோ?" என்று கேட்டுவிட்டு இவர் அலுவலகத்துக்கு மேலே இருக்கிற எங்களுடைய ஒன்றரை அறையை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் விடுவதுதான் இவரிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

சங்கத்தில் அறுபத்துமூன்று பேர். அதில் எங்களுக்கும் இரண்டு வாக்கு. இவர் ஓம், நான் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும், சனிக்கிழமை நாங்கள் வீட்டில் இருந்து வடை சுடலாம் என்று சொன்னேன்.

அதற்குள் ஃப்ராவ் ஏபி ஒரு வேலை தந்தார். புதன்கிழமை நாங்கள் இருவரும் மரவீட்டில் ஒருநாள் தங்கி எப்படி இருக்கிறது என்று கூட்டத்தில் சொல்ல வேண்டுமாம். எனக்கு வலு சந்தோசம். குறை பிடிக்கிற வேலையை என்னிடம் தருகிறவர்கள் பிறகு கவலைப்படக்கூடாது.

புதன் காலை பத்து மணிக்கு நான் மரவீட்டின் கதவைத் திறந்து மூடித் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பஸ் வந்து நின்றது. முதலில் ஒரு குத்துவிளக்கு இறங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு எங்கள் பழைய சிநேகிதர் சண்முகலிங்கம் இறங்கினார், வேட்டி, அதற்குமேல் மழை ஜக்கெற். பின்னால் அவருடைய மனைவி சிவகலா, கூறைச்சேலை மாதிரி ஒரு சிவப்புப் பட்டோடு. அவர்களுக்குப் பின்னால் பேர்ணுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் இருந்து இன்னும் ஒன்பது பேர். ஒருவர் கையில் செம்பும் தேங்காயும், ஒருவர் கையில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், ஒருவர் கையில் கடதாசி சுற்றிய வட்டமான ஒரு பெட்டி. சுவர்மணிக்கூடு என்று பார்த்த உடனேயே தெரிந்தது.

"மலரக்கா! எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் வீடு வாங்கிப்போட்டியள், என்ன?" என்று சிவகலா தூரத்தில் இருந்தே கத்தினாள். "புதன்கிழமை, நாளும் பார்த்துத்தான் வச்சிருக்கிறியள்!"

நான் திரும்பி இவரைத் தேடினேன். இவர் கழிப்பறைக் கட்டடத்துக்குப் பின்னால் நின்றார்.

"என்ன சொன்னனீங்கள் அவைக்கு?"

"ஒண்டுமில்லை அப்பா. லிங்கத்தாரோட ஃபோனில கதைக்கேக்க, புது வீடு வந்திட்டுது, ஏரிக்கரையில, மரவீடு, புதன்கிழமை போய் இருக்கப்போறம் எண்டனான். பகிடிக்கு."

"பகிடியோ? குத்துவிளக்கோட வந்து நிக்கினம்!"

ஆட்களை வாசலில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் சமாளிப்பது? சிவகலா இரவுமுழுவதும் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்துவிட்டு, படுக்காமல், சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கண் இரண்டும் சிவந்துபோய் இருந்தது. நான் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"கலா, இது எங்கட வீடில்லை. சங்கத்தின்ர. ஒருநாள் இருந்து பார்க்கத் தந்தது."

செம்பு வைத்திருந்தவர் அதைக் கீழே வைக்கிறதா வேண்டாமா என்று யோசித்தார். சண்முகலிங்கம்தான் தொண்டையைச் செருமினார்.

"அதுக்கென்ன. பால் வாங்கியாச்சு. காய்ச்சுவம்."

அவ்வளவுதான். அடுத்த கணம் தோரணம் கட்டியாயிற்று, விளக்குக் கொளுத்தியாயிற்று, கிழக்கு எது என்று மூன்று பேர் மூன்று பக்கம் கையைக் காட்டியாயிற்று. மரவீட்டின் மூலையில் இருந்த சின்ன மின்சார அடுப்பில் புதுப் பானையை வைத்து, இரண்டு லீற்றர் பாலையும் ஊற்றினார்கள். புது வீட்டுக் குடிபூரல் என்றால் பால் பொங்கி வழியவேண்டும், அரைகுறையாகக் கொதித்தால் சரிவராது. பதினொரு பேரும் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு பேருக்கான அந்தப் பெட்டிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பானையையே பார்த்தோம்.

பொங்கியது. பொங்கிப் பானையால் வழிந்து, அடுப்பால் வழிந்து, கருகிப் புகைந்தது. "பொங்கீட்டுது! பொங்கீட்டுது!" என்று எல்லோரும் கைதட்டிய அதே நேரம் கூரையில் இருந்த புகை மணி அலறத் தொடங்கியது. அப்படி ஒரு அலறல்! எட்டாம் இலக்கத்து ஹெர் லூத்தி தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவருடைய மனைவி ஈரத்துவாய், ஐந்தாம் இலக்கத்து ஹொலண்ட்காரர் இரண்டு வாளித் தண்ணீர். ஹெர் லூத்தி தீயணைப்பானின் பூட்டு ஊசியை இழுக்கப் போகிறார், இவர் வாசலில் பாய்ந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று, தனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதையும் இரண்டு சொல்லில் சுருக்கிக் கத்தினார். நெருப்பில்லை, அதிர்ஷ்டம்! நெருப்பில்லை, அதிர்ஷ்டம்!

ஹெர் லூத்தி அவரைப் பார்த்தார். உள்ளே பட்டுச்சேலைகளைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். பிறகு தீயணைப்பானைப் புல்லில் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றினார். ஆர் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. அவருக்குத்தான் முதல் பால். மத்தியானம் வந்தவர்கள் கட்டிவந்த சோற்றையும், லூத்தி வீட்டு உருளைக்கிழங்கு சாலட்டையும், ஹொலண்ட்காரரின் சீஸையும் ஒரே மேசையில் வைத்துச் சாப்பிட்டோம். குறை பிடிக்கப் போனவள் அதை மறந்தே போனேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு சிவகலா மரவீட்டின் கட்டிலில் போய் இருந்தாள். மெத்தையைக் கையால் அமத்திப் பார்த்தாள்.

"நீங்கள் இஞ்ச வந்த வருசத்தில இருந்து நாங்களும் வாறம் என்ன, அக்கா? பதினாலு வருசம்."

"ஓம்."

"இந்த ஏரி பொழுதுபடேக்க எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. எங்களுக்கு ஆறு பத்துக்குக் கடைசி பஸ் எல்லோ."

அவள் அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல என்று சொல்வார்களே, அப்படிச் சொன்னாள். சொல்லிக்கொண்டே சரிந்தாள், சேலை கசங்குமே என்றும் பாராமல் நித்திரையாகிப் போனாள். நான் கதவடியில் நின்றேன். பதினாலு வருடமாக ஒவ்வொரு கோடையும் இவளை நானேதான் பஸ்ஸுக்கு நேரமாகிறது, ஓடு ஓடு என்று அனுப்பி வைத்திருக்கிறேன். கரவன்காரர் ஒருவருக்கும் சொல்லாத அந்த 'இடமில்லை' என்ற சொல்லை, வாயால் சொல்லாமலே, இவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். என்ன பொம்பிளை நான்! வெளியே வந்து படியில் குந்தினேன்.

ஆறு மணியாகச் சண்முகலிங்கம் அவளை எழுப்ப வந்தார்.

"எழுப்பாதேங்கோ," என்றேன். "பஸ் போகட்டும். இண்டைக்கு நீங்கள் ரெண்டு பேரும் இஞ்ச நில்லுங்கோ."

மற்றவர்கள் பஸ்ஸில் போனார்கள். சிவகலா ஏழரைக்கு எழும்பி, பஸ்ஸை விட்டுவிட்டோம் என்று பதறிக்கொண்டு வெளியே ஓடிவந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். ஏரி முழுக்க ரோஜா நிறம். மலையின் மேல்பாதி மட்டும் வெயிலில் இருந்தது. கரையில் கரவன்காரர்கள் கதிரை போட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்கள்.

"அக்கா," என்றாள், "இது ஒவ்வொரு நாளும் இப்பிடியோ?"

"ஓமடி."

அதன் பிறகு இரண்டு நாள் நான் இவரோடு மரவீட்டைப் பற்றி ஒரு கதையும் கதைக்கவில்லை. வியாழன் மத்தியானம் முழுவதும் கேம்பிங்கின் மேல் சரிவில் சக்கரக்கட்டையும் மட்டப்பலகையும் வைத்து அளந்தேன். என்ன செய்கிறாய் என்று இவர் கேட்டதற்கு, புல்லுப் பார்க்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை பொதுமண்டபம் நிறைந்திருந்தது. இவர் தன் பேச்சைக் கடதாசியில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஃப்ராவ் ஏபி, மரவீட்டில் தங்கிப் பார்த்தவர்கள் முதலில் சொல்லட்டும் என்றார். இவர் எழும்ப முதல் நான் எழும்பிவிட்டேன். இவர் கண்ணை மூடிக்கொண்டார், பாவம்.

எனக்குத் தெரிந்த பேர்ண் பாஷையில் சொன்னேன். முப்பத்தொன்றில் இருந்து முப்பத்தாறு வரை மேல் வரிசை, சரிவு, அங்கே போகச் சொன்னால் எந்தக் கரவன்காரரும் என்னை முறைப்பார். சக்கரத்துக்கு இரண்டு கட்டை வைத்தாலும் மேசையில் வைத்த முட்டை உருண்டு விழும். மரவீட்டுக்குக் கால் இருக்கிறது. ஒரு காலை நீட்டி மற்றதைக் குட்டையாக்கலாம், மேலே இருந்தும் ஏரி தெரியும். கால் உள்ளது சரிவில் நிற்கட்டும், சக்கரம் உள்ளது கரையில் நிற்கட்டும். ஆறு வீடும் வரட்டும், ஏழாம் இலக்கத்தைத் திருப்பித் தாருங்கள்.

"அங்கே யார் வந்து தங்குவார்கள்?" என்று பின்னால் ஒருவர் கேட்டார்.

"உங்களைப்போல ஏரியில் ஆசை உள்ளவர்கள்தான். கரவன் மட்டும் இல்லை," என்றேன்.

"அதிர்ஷ்டம்!" என்று ஹெர் லூத்தி சத்தம் போட்டார். கொஞ்சப் பேர் சிரித்தார்கள், கொஞ்சப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். சரிவுக்குப் பாதை வெட்டுவது பெரிய வேலை என்று ஒருவர் எழும்பி நீளமாகக் கதைத்தார். மண்டபம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. கடைசியில் ஃப்ராவ் ஏபி, சிவமலர் சொன்னபடியே வாக்கெடுப்போம், ஓம் என்பவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார்.

நான் உயர்த்தினேன். ஃப்ராவ் ஏபி பென்சிலை நீட்டி முன்வரிசையில் இருந்து எண்ணிக்கொண்டு வந்தார். பக்கத்தில் இவருடைய கை மடியிலேயே கிடந்தது. வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கலியாண வீட்டில்கூட இந்த மனுசன் என்னை இப்படிப் பார்த்ததில்லை. பென்சில் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டது.

"என்னப்பா பார்க்கிறியள்? தூக்குங்கோவன் கையை!"

திடுக்கிட்டு இரண்டு கையையும் தூக்கினார்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. ஃப்ராவ் ஏபிக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஹெர் யோகராஜா, ஒருவருக்கு ஒன்றுதான் என்றார், கண்ணைத் துடைத்தார், எத்தனையில் விட்டேன் என்று பென்சிலைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு முன்வரிசைக்குத் திரும்பிப் போய் முதலில் இருந்து எண்ணத் தொடங்கினார். இவரோ என்னைப் பார்த்தபடியே, இரண்டாவது கையை இன்னும் இறக்கவில்லை.