மில் நிறம்

அம்மா அக்காவின் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நுரை வெள்ளையாகவே வழிந்தது. கையும் காலும் இரண்டு தடவை தேய்த்தாகிவிட்டது. தோல் மட்டும் மஞ்சளாகவே கிடந்தது.

"போதும் அண்ணி. இது தேய்ச்சாப் போற மஞ்சள் இல்ல," என்றாள் அத்தை.

"மில்லுத் தூளு. எனக்குத் தெரியாதா," என்றாள் அம்மா. "நீ தண்ணி ஊத்துடி."

சின்னவள் ஊற்றினாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினாள்.

அக்காவுக்கு இருபத்து மூன்று வயது. மசாலா மில்லில் மஞ்சள் தூள் பாக்கெட் போடும் வேலை. நகக்கண், காதுமடல், சட்டைக் கழுத்து எல்லாம் மஞ்சள். கூட வேலை பார்ப்பவர்கள் மஞ்சக்கிழங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் துணியில் ஒட்டிவிடும் என்று பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்களாம். ரெண்டு சீட்டும் எனக்குத்தான், ராணி மாதிரி போறேன் என்று சிரிப்பாள்.

காமாலை, ஈரல் மொத்தமும் போய்விட்டது என்று நேற்று டாக்டர் சொன்னார். கண் மஞ்சளானதை வீட்டில் ஒருத்தர்கூடவா பார்க்கவில்லை என்று கேட்டார். "மில்லுல வேலை பாக்குறா சார்," என்றாள் அம்மா. இன்று விடியும் முன் அக்காவின் மூச்சு நின்றது.

சின்னவள் பார்த்திருந்தாள். பன்னிரண்டு நாளைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குளித்துவிட்டு வந்த அக்கா கண்ணாடி முன்னால் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

"கண்ணுக்குள்ள எப்படிக்கா தூள் ஒட்டும்?"

அக்கா கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம், இன்னும் பத்து நாள் லீவு போடாமல் போனால் வேலை நிரந்தரமாகிவிடும், அதற்கப்புறம் தானே ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னாள். "அம்மாகிட்ட வாயத் திறந்தே, பல்லப் பேத்துடுவேன்," என்று தலையில் குட்டினாள். வலிக்காத குட்டு.

வாயைத் திறக்கவில்லை. அதோடு நிற்கவும் இல்லை.

அம்மாவுக்கு எல்லாவற்றுக்கும் மஞ்சள்தான். மீனை மஞ்சள் போட்டுப் பிசறித்தான் கழுவுவாள். விரலை வெட்டிக்கொண்டால் அதை அப்புவாள், தொண்டை கட்டினால் அதைக் கரைத்துத் தருவாள். மகள் சோர்ந்து வருவதைப் பார்த்துவிட்டுத் தினமும் பாலில் மஞ்சளும் மிளகும் போட்டுக் கொடுத்தாள். அந்த வாசனை பட்டாலே அக்காவுக்குக் குமட்டியது. டம்ளரைத் தங்கை பக்கம் நகர்த்துவாள். சின்னவள் அடிமண்டி வரை குடித்து, காலி டம்ளரை அக்கா கையில் கொடுப்பாள். அக்கா அதைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டுவாள். நல்ல பிள்ளை என்பாள் அம்மா. இருவரும் அறைக்குள் வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

எட்டாம் நாள் சிரிக்க அக்காவுக்குத் தெம்பில்லை. பத்தாம் நாளும் வேலைக்குப் போனாள். அன்று மில்லிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

போட்டுவிடப் புதுத்துணி எடுத்துவர அத்தை உள்ளே போனாள். வெளியே வண்டிக்காரரோடு அப்பா பேசுவது கேட்டது. பின்னறையில் மூன்று பேர்தான்.

"தெனமும் பாலு குடுத்தேன்," என்றாள் அம்மா. யாரிடமும் சொல்லவில்லை, காலிடம் சொன்னாள். "ஒருநாள் விடாமக் குடிச்சாளே. அதுகூடக் கேக்கலயே."

சின்னவள் செம்பைக் கீழே வைத்தாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது என்று தோன்றியது. சொன்னால் அம்மாவுக்கு மிச்சமிருக்கும் ஒரு பிள்ளையும் இல்லாமல் போய்விடும் என்றும் தோன்றியது.

"அக்கா குடிக்கலம்மா."

அம்மா நிமிரவில்லை.

"அவளுக்கு வாந்தி வரும். நான்தான் குடிச்சேன். அவ கண்ணையும் நான் அப்பவே பாத்தேன்."

தேய்த்த கை நின்றது. அடிப்பாள் என்று சின்னவள் நினைத்தாள். அடித்தால் தேவலை. சோப்புத் துண்டு நழுவித் தரையில் விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை.

அம்மா முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். சின்னவளின் மோவாயைப் பிடித்து, ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். ஈரக் கட்டைவிரலால் கண்ணின் கீழ் இமையை இழுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அடுத்த கண்ணைப் பார்த்தாள். மறுபடியும் முதல் கண்ணுக்கு வந்தாள்.

சோப்பு எரிந்தது. சின்னவள் இமைக்காமல் நின்றாள்.