இருபது மீட்டர் விழும் ஹீரோ

இன்னும் நாற்பத்தொரு மணி நேரம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு பள்ளி இறுதியான ஓ லெவலின் இயற்பியல் தேர்வு. சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் பூமாலைக் கடைக்கு மேலே இருந்த டியூஷன் சென்டரில் ஆசிரியை தாரகா அதே கேள்வியை மூன்றாம் முறையாக எழுதினாள். எதிரே மாணவி கிம்பர்லி பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

உயரத்திலிருந்து ஒரு கல் விழுகிறது; தரையைத் தொடும்போது வேகம் என்ன? பள்ளியின் மாதிரித் தேர்வில் கிம்பர்லி இதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை. இந்த மேசையில் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவாள். ஏன் எழுதவில்லை என்று மூன்று வாரமாகக் கேட்டும் பதில் வந்தபாடில்லை.

"பயமா இருக்கா?"

"இல்ல டீச்சர்."

"தூங்குறியா?"

"தூங்குறேன் லா."

"அப்புறம் ஏன் இந்தக் கேள்வியை வெறுமனே விட்டுட்டு வந்தே?"

தோளைக் குலுக்கினாள்.

வீட்டில் கண்ணாடி முன் நின்று தாரகா நான்கு அதட்டல்களைத் தயார் செய்து வந்திருந்தாள். ஒன்றும் வாய்வரை வரவில்லை. டேப்லட்டைத் திறந்தாள். தேர்வு என்றாலே பயந்த இந்தப் பெண்ணுக்காக ஜூனில் கண்டுபிடித்த வழி அது: சினிமாச் சண்டைகளை வெட்டி எடுத்து, சிரித்துக்கொண்டே கணக்குப் போடுவது.

திரையில், மாடியிலிருந்து விழுந்த ஹீரோ, ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்தான். தலைமுடிகூடக் கலையவில்லை.

"இருபது மீட்டர் விழுறான். வேகம்?"

"இருபது மீட்டர் பெர் செகண்ட்."

"எழுபது கிலோ. பத்துல ஒரு பங்கு செகண்ட்ல நிக்கிறான்."

"பதினாலாயிரம் நியூட்டனுக்கு மேல."

"கை என்ன ஆகும்?"

'கை மட்டும் மேல தொங்கும், ஹீரோ கீழ போயிடுவாரு' என்று கிம்பர்லி சிரிக்கும் இடம் இது. இன்று சிரிக்கவில்லை.

"இங்க வருதுல்ல? அங்க மட்டும் ஏன் வரமாட்டேங்குது?" தாரகாவின் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "சரி, பஸ் பறக்குறதைப் போடவா? ரிலாக்ஸா இருக்கும்."

"வேணாம் டீச்சர்!"

கீழே யாரோ மல்லிகைக்குப் பேரம் பேசினார்கள்.

"அப்பாவுக்கு சாங்கி ஏர்போர்ட் கார்கோல வேலை. ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் லீவு. சர்ச்சுல பூசை முடிஞ்சு வந்து ரெண்டு பேரும் படம் பார்ப்போம். எனக்கு அது ஒண்ணுதான்..."

"நாளைக்கும் பாரேன். நல்லதுதானே?"

"ஜூன்லேருந்து பார்க்கல. ஹீரோ குதிச்சா கிராஃப் தெரியுது. நெஞ்சு அடிச்சுக்குது. எழுந்து ரூமுக்குப் போயிடுறேன். அவர் மேல கோபம்னு அப்பா நெனைக்கிறாரு. பரீட்சைல கல்லு விழுற கேள்வியைப் பார்த்ததும், அப்பா தனியா டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கிறதுதான் ஞாபகம் வந்துச்சு."

"இங்க சிரிச்சியே?"

"நீங்க கஷ்டப்பட்டு வெட்டிக் கொண்டாறீங்களேன்னு சிரிச்சேன்." கிம்பர்லி டேப்லட்டைக் கவிழ்த்து வைத்தாள். "உங்க வீடியோவாலதான் டீச்சர், எனக்குப் படமும் பரீட்சையா ஆயிடுச்சு."