அட்டையில் செத்தவர்

கொண்டுவந்த பெட்டியை இறக்கி வைக்காமலே, கஜானி கடையில் தன் தோடு கோத்திருந்த அட்டையை மூன்று தடவை வாசித்தாள். ஆங்கிலத்தில் நான்கு வரிகள். உயர்தரம் வரை படித்தவளுக்கு அதில் விளங்காத சொல் எதுவும் இல்லை. கடலுக்குக் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண் செய்த நகை இது என்றும், இதன் வெளிறிய நிறங்கள் அவளுடைய துயரத்தின் நிறங்கள் என்றும் அது சொன்னது. வரிகளுக்கு மேலே ஒரு படம். நூல் முடிச்சைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள். காப்பில்லாத வெறுங்கைகள். இடது பெருவிரலில் கத்தி பட்ட தழும்பு தெரிந்தது.

"தங்கச்சி, உது ஆற்றை கை?"

கடைக்காரி நிவேதனா கணினியிலிருந்து நிமிர்ந்து சிரித்தாள். "உங்கடை கைதான் அக்கா. நல்ல வடிவா வந்திருக்கெல்லோ?"

"கை என்ரை. செத்த மனுசன் ஆர்?"

சிரிப்பு அரைவாசியில் நின்றது. "கோபிக்காதேங்கோ அக்கா. வாங்க வாற ஆக்கள் கேக்கினம், ஏன் எல்லா நிறமும் இப்பிடி மங்கிப்போய்க் கிடக்கு எண்டு. அவைக்கு ஒரு கதை வேணும்."

"கதை வேணுமெண்டா உம்மடை மனுசனைச் சாகக் குடுத்திருக்கலாமே."

"எனக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லை."

"அதுதான் உமக்கு உது லேசாக் கிடக்கு."

யாழ்ப்பாணத்தில் வலைநூலில் முடிந்த, சாயம் போன நிறத்துத் தோடும் மாலையும் எடுக்கும் கடை அது ஒன்றுதான். வல்வெட்டித்துறையில் அவற்றை யாரும் வாங்கவில்லை. கலியாண வீட்டுக்கு எடுப்பான சிவப்பும் கிளிப்பச்சையும் கேட்பார்கள். பக்கத்து வீட்டு மீனாம்பிகை ஒரு மாலையைக் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கொண்டு போனா வருத்தக்காறி எண்டு பாயில படுத்திப் போடுவினம்" என்றாள். கடையில் கஜானியின் அறுபது சோடித் தோடுகள் ஏற்கனவே அட்டையில் கோத்து இருந்தன. சனிக்கிழமை நகரத்து மண்டபம் ஒன்றில் கண்காட்சி. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்.

"எல்லா அட்டையும் கழட்டும்" என்றாள் கஜானி. "என்ரை பேரைப் போடும். கஜானி, வல்வெட்டித்துறை. அவ்வளவும் காணும்."

"முந்நூறு அட்டை அடிச்சாச்சு அக்கா. கண்காட்சி முடியட்டும், பிறகு மாத்துவம். சனிக்கிழமை வாறவை உங்கடை வீட்டுக்காரரைத் தெரிஞ்சவையே?"

"அந்த மனுசன் சனிக்கிழமையும் கடலுக்குப் போகும்."

நிவேதனாவுக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. அவள் தொலைபேசியை எடுத்தாள். கஜானி பெட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு பேருந்துக்கு நடந்தாள்.

பேருந்தில் இருந்தபோது அவளை அரித்தது அந்த நான்கு வரிகள் மட்டும் அல்ல. அந்தப் படம் எடுத்த நாள் அவளுக்கு நினைவில் இருந்தது. படம் பிடிக்க வந்த பெடியன், "அக்கா, காப்பு பளிச்செண்டு அடிக்குது, நூல் எடுபடேல்லை" என்றான். அவள் குனிந்து பார்த்தாள். அவன் சொன்னது சரி. இரண்டு தங்கக் காப்பும் ஆறு சிவப்புக் கண்ணாடிக் காப்பும் பக்கத்தில் கிடக்க, பதினெட்டு நாள் பாடுபட்டு எடுத்த அந்தச் சாம்பல் பச்சை ஊத்தைத்துணி மாதிரித் தெரிந்தது. யாரும் அவளுடைய கையைப் பிடித்து இழுக்கவில்லை. தானே கழற்றி மேசையில் வைத்தாள். கண்ணாடிக் காப்பு ஒன்று உருண்டு விழுந்து உடைந்தது. அதைக் காலால் ஒதுக்கிவிட்டு நூலைப் பிடித்தாள்.

அவளுடைய கணவன் கோகுலன் வீட்டு வளவில் இருந்தபடி படகின் வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். அட்டைக் கதையைக் கேட்டதும் சிரித்தான்.

"நான் எப்ப செத்தனான்? திகதி போடேல்லையோ?"

"விளையாடாதேங்கோ."

"இல்லை, கேக்கிறன். செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு ஆரார் வந்தவை? உன்ரை அண்ணை வந்தவரோ? உயிரோடை இருக்கேக்கை எட்டியும் பாக்காத மனுசன்."

"வாயை மூடுங்கோ!"

அவள் கத்தியதில் வேலியோரம் நின்ற கோழி பறந்தது. கோகுலன் எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தான். 

மறுநாள் பின்னேரம் தொழிலுக்குப் புறப்பட்டான். அவன் கடலுக்கு இறங்கும்போது, எங்கே போகிறீர்கள் என்றோ எப்போது வருவீர்கள் என்றோ அவள் கேட்பதில்லை. அந்தக் கரையில் எந்தப் பெண்ணும் கேட்பதில்லை; கேட்டால் கூடாது என்பார்கள். அவனும் வேலிப் படலையைத் தாண்டினால் திரும்பிப் பார்ப்பதில்லை. பதினான்கு வருடமாக அப்படித்தான். அன்று படலையைத் தாண்டியவன் நின்றான். திரும்பி வீட்டைப் பார்த்தான். ஒரு கணம்தான். பிறகு போய்விட்டான்.

கஜானி கிணற்றடியில் அப்படியே இருந்தாள். அந்த ஒரு கணத்துக்காக அவள் நிவேதனாவை மன்னிக்கப் போவதில்லை.

சனிக்கிழமை காலை கோகுலன் கரைக்கு வந்தபோது அவள் பெட்டியோடு அங்கே நின்றாள்.

"வாங்கோ, யாழ்ப்பாணம் போவம்."

"குளிச்சிட்டு வாறன்."

"வேண்டாம். இப்பிடியே வாங்கோ."

"கஜானி, சாரமெல்லாம் செதிள்."

"அதுதான் வேணும். செத்தவையிலை மீன் மணக்காது."

மண்டபத்தில் குளிரூட்டி ஓடியது. வெள்ளைத் துணி விரித்த மேசையில் அவளுடைய தோடுகள் வரிசையாக இருந்தன. வெளிறிய கடல்நீலம், தேய்ந்த செம்மஞ்சள், பழுத்த வெற்றிலையின் பச்சை. ஒவ்வொன்றின் கீழும் அந்தக் கைகள். லண்டனிலிருந்து வந்திருந்த ஒரு பெண், பருத்திச் சேலை, ஐம்பது வயதிருக்கும், ஒரு சோடியை உள்ளங்கையில் வைத்து அட்டையை வாசித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

கஜானி அவளுக்கு முன்னால் கோகுலனை நிறுத்தினாள். "அம்மா, உதிலை எழுதியிருக்கிறது இவரைத்தான். செத்துப்போன மனுசன். வடிவாப் பாத்துக்கொள்ளுங்கோ."

மீன்வாடை மேசையைத் தாண்டிப் போனது. கோகுலன் என்ன செய்வதென்று தெரியாமல், "வணக்கம்" என்றான்.

நிவேதனா ஓடி வந்தாள். "அக்கா, பிளீஸ், வெளியாலை போய்க் கதைப்பம்."

"இங்கை எழுதி வைச்சதை இங்கைதான் கதைக்கவேணும்."

லண்டன்காரி அட்டையையும் கோகுலனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நீங்கள் விதவை இல்லையா?" ஏமாற்றப்பட்ட குரல் அது.

"இல்லை."

"பிறகேன் இந்த நிறம்?"

"வெயில்" என்றாள் கஜானி. "கடையிலை புது வலைநூல் வாங்குவன். கண்ணைக் குத்துற பச்சை. கடல் தண்ணியிலை ஊறவிட்டு, முடிச்சுப் போட்டு, கிணத்தடிக் கம்பியிலை கட்டுவன். வெளியாலை இருக்கிறது வெளிறும், முடிச்சுக்குள்ளை இருக்கிறது வெளிறாது. அதாலைதான் உங்கடை கையிலை இருக்கிறதிலை மூண்டு பச்சை இருக்கு. பங்குனியிலை பதினெட்டு நாள். பத்தொன்பதாம் நாள் விட்டா நூல் பொடிஞ்சு போகும். தினமும் நகத்தாலை மடிச்சுப் பாக்கவேணும். நாலு வருசம் பொடிய விட்டுத்தான் பழகினனான். இதிலை ஒரு சொட்டுக் கண்ணீரும் இல்லை."

"ஓ" என்றாள் அந்தப் பெண். தோட்டை மேசையில் வைத்தாள். ஒழுங்காக, மற்றவற்றின் வரிசைக்கு நேராக வைத்தாள். கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு பக்கத்து மேசைக்குப் போனாள். அங்கே பனையோலைப் பெட்டிகள் இருந்தன. அவற்றிலும் அட்டைகள் தொங்கின.

நிவேதனா தாழ்ந்த குரலில் சொன்னாள். "பாத்தியளே அக்கா? நான் பொய்க்கு ஆசைப்பட்டே எழுதினனான்? உங்கடை வேலை விக்கவேணும் எண்டுதான். சரி, செத்தவர் எண்டதை எடுப்பம். கடலோடி ஒருவரின் மனைவி, ஒவ்வொரு நாளும் பயந்து காத்திருக்கிறா எண்டு போடுவம். அது உண்மைதானே?"

"நான் காத்திருக்கிறதை விக்கேல்லை. நூலை விக்கிறன்."

"பேரை மட்டும் போட்டா ஆர் அக்கா வாங்குவினம்?"

கஜானி பெட்டியைக் கோகுலனிடம் கொடுத்தாள். வலை வெட்டும் சின்னக் கத்தியை இடுப்பிலிருந்து எடுத்தாள். முதல் அட்டையின் நூலை அறுத்தாள். தோட்டைப் பெட்டிக்குள் போட்டாள், அட்டையை மேசையில் விட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. யாரும் தடுக்கவில்லை. கோகுலன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அறுபதையும் அறுத்து முடிக்க அரைமணி நேரம் எடுத்தது. மேசையில் நூற்றிருபது வெறுங்கைகள் கிடந்தன.

திரும்பும் வழியில் அச்சுவேலி தாண்டி, ஒரு வாகை மர நிழலில் கோகுலன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தான். எப்போது எடுத்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உந்தக் காப்பை ஆர் கழட்டினது?"

"நான்தான்."

"அவை சொன்னவையோ?"

"சொன்னவை. பாக்க எனக்கும் சரியெண்டு பட்டது. சிவப்புக்குப் பக்கத்திலை நூல் எடுபடேல்லை." அவள் அவனுடைய முகத்தை நேராகப் பார்த்தாள். "இப்ப கேட்டாலும் கழட்டுவன். அது என்ரை வேலைக்கு. வேறை ஒண்டுக்குமில்லை."

அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு லொறி தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"படம் நல்லாத்தான் இருக்கு" என்றான் கடைசியில். "அடுத்தமுறை எடுக்கேக்கை சொல்லு. நானும் பக்கத்திலை நிக்கிறன்."

"நிறம் அடிபடும்."

"என்ரை நிறமோ?"

"உங்கடை சேட்டு. கிளிப்பச்சை."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அட்டையை வாங்கி மோட்டார் சைக்கிளின் இருக்கையில் வைத்து, கத்தியால் அந்த நான்கு வரிகளையும் ஒரே நேராக வெட்டி எடுத்தாள். படத்தைப் பெட்டிக்குள் தோடுகளின் மேல் வைத்தாள். வெட்டிய துண்டைக் கையில் இறுக்கிக் கசக்கியபடியே பின்னால் ஏறினாள். வல்வெட்டித்துறை வந்து சேரும்வரை அந்தக் கையை அவள் விரிக்கவில்லை.